‘பாதுகாப்புக்காகத்தான் அனுப்பவில்லை’ என்று எழுதிய மேலாளருக்கு

கேள்வி:

வணக்கம் அம்மா. மன்னார்குடி பக்கம் விதை, பூச்சிமருந்து, நடவு இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில் நான் கிளை மேலாளர். வயது 44. என் கீழ் ஒன்பது கள அலுவலர்கள், அதில் நான்கு பேர் பெண்கள், எல்லாரும் பி.எஸ்சி. அக்ரி. செயல்விளக்கத் திடல் (விவசாயிகளுக்குப் பயிரிட்டுக் காட்டும் வயல்), டீலர் வசூல், இயந்திர நடவு இதெல்லாம் ஆண்களிடம் கொடுத்திருக்கிறேன். பெண்களுக்கு மண் பரிசோதனை, விவசாயிகள் பயிற்சிக் கூட்டம், ஆபீஸ் ரிப்போர்ட். ஏரியா மேனேஜர் பதவிக்கு இரண்டு பேரைச் சிபாரிசு செய்யச் சொன்னார்கள். இரண்டுமே ஆண்களாக அமைந்துவிட்டது. ஒருவர் ரொம்ப அனுபவம் உள்ளவர். இன்னொருவர் மூன்று வருடம் முன்புதான் சேர்ந்தார், ஆனாலும் துடிப்பானவர். ஆறு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண் என் அறைக்கு வந்து, ‘சார், நீங்க நல்லவர்தான். ஆனா வேதாரண்யம் லைன் பாக்குறியான்னு என்கிட்ட ஒரு தடவகூட கேட்கலையே’ என்றாள். லைன் என்றால் டீலர்களைப் பார்த்துவரும் வழித்தடம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருட்டிய பிறகு அந்த ரோட்டில் ஒரு பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது? எனக்கு இரண்டு மகள்கள். மூத்தவளைத் திருச்சியில் இன்ஜினியரிங் படிக்க வைக்கிறேன். ஆண் பெண் என்று நான் பார்த்ததே இல்லை. வீட்டிலும் அந்தப் பெண் பேசியது அதிகப்படி என்றுதான் சொல்கிறார்கள். இப்போது தலைமை அலுவலகம் ‘அன்கான்ஷியஸ் பயஸ்’ என்று ஒருநாள் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது. கூண்டில் ஏற்றுவது போல இருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்:

தம்பி, உங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். இருபத்தைந்து வருடம் கம்பெனிகளில் மனிதவள வேலை பார்த்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் இருந்துகொண்டு இந்த மாதிரிப் பிரச்சினைகளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது, அந்தப் பெண் சொன்னதை நீங்கள் மாற்றாமல் எழுதியிருப்பது. மனம் புண்பட்டவர்கள் எதிராளி சொன்னதைக் கொஞ்சம் வளைத்துத்தான் எழுதுவார்கள், நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அதனால் நானும் நேராகவே சொல்கிறேன். அவர் சொன்ன இரண்டும் சரி. நீங்கள் நல்லவர் என்பதும் சரி, கேட்கவில்லை என்பதும் சரி.

கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மூன்று வருடம் முன்பு சேர்ந்த பையன் ‘சேர்ந்தார்’, ‘துடிப்பானவர்’. ஆறு வருடம் வேலை பார்த்த பெண் ‘என்றாள்’. ஒன்பது பேரும் ‘கள அலுவலர்கள்’ என்று ஆரம்பித்தீர்கள், ரோடு என்று வந்ததும் அவர் ‘பொம்பளைப் பிள்ளை’. நீங்கள் அவமரியாதையாக எழுதவில்லை, பாசத்தில்தான் எழுதினீர்கள், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் பாருங்கள், ‘ஆர்’ போடுவதா ‘ஆள்’ போடுவதா என்று நீங்கள் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போட்டுவிட்டது. நம்மை அறியாத சாய்வு என்று அந்தப் பயிற்சியில் சொல்லப்போவது இதைத்தான். மனதில் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. யோசிக்காமல் கை போகும் பக்கம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைதான் சிபாரிசுக் கடிதத்தையும் எழுதியது.

கிண்டி பொறியியல் கல்லூரியில் முதன்முதலாகப் பெண்கள் படித்து வெளியே வந்தது 1940களில். லலிதா, திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று மூன்று பேர். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தை அச்சடித்தவருக்குப் பெண்கள் மேல் ஒரு பகையும் இருந்திருக்காது, இங்கே பெண் வருவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உங்களிடமும் அப்படி ஒரு படிவம் அச்சாகி இருக்கிறது தம்பி. என்னிடமும் இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நம் வயலுக்கு வருவோம். நாற்றுப் பறித்து முடிச்சுக் கட்டித் தூக்கி வருவது ஆண்கள் வேலை, நடவு பெண்கள் வேலை என்று டெல்டாவில் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறோம். ஏன் என்று கேட்டால் ‘பொம்பளைக்குத்தான் இடுப்பு வளையும், விரல் ஓடும்’ என்பார்கள். சரி, நடவு இயந்திரம் வந்தது. குத்துக்கு எத்தனை நாற்று, எவ்வளவு ஆழம், எங்கே இடைவெளி விட்டுப் போகிறது என்று வரப்பில் நின்றபடியே சொல்லக்கூடியவர்கள் முப்பது வருடமாகக் குனிந்து நட்ட பெண்கள்தான். ஆனால் இயந்திரத்தில் யாரைப் பழக்கினோம்? நீங்கள் விற்கும் இயந்திரம்தானே, எத்தனை பெண்களை அதில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இடுப்பும் விரலும் பற்றிய பேச்செல்லாம் அன்றோடு போயிற்று, ‘மெஷின்னா ஆம்பளை வேலை’ என்று புதுக் காரணம் வந்துவிட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. வேலைக்குக் கொஞ்சம் காசும் மதிப்பும் கூடியது, ஆள் மாறியது, காரணம் பின்னாலேயே ஓடி வந்து ஒட்டிக்கொண்டது.

காரணம் பின்னால் வருவது எங்கள் துறையில் சோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவில் உல்மன், கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போலீஸ் தலைமைப் பதவிக்கு இரண்டு பேர், ஒருவர் நன்றாகப் படித்தவர், இன்னொருவர் தெரு அனுபவம் உள்ளவர், யாரைப் போடலாம் என்று கேட்டார்கள். படித்தவர் ஆணாக இருந்தபோது ‘இந்த வேலைக்குப் படிப்பு ரொம்ப முக்கியம்’ என்று சொன்னார்கள். அதே படிப்பு பெண்ணிடம் இருந்தபோது படிப்பின் முக்கியத்துவத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆளைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றுகிறோம், மாற்றுவது நமக்கே தெரிவதில்லை. உங்கள் சிபாரிசைப் பாருங்கள். ஒருவரை அனுபவத்துக்காக எடுத்தீர்கள், இன்னொருவருக்கு அனுபவம் குறைவு, அதனால் துடிப்புக்காக எடுத்தீர்கள். அந்தப் பெண்ணுக்கு அனுபவமும் இருக்கிறது, மேலாளர் அறைக்கே வந்து முகத்துக்கு நேரே கேட்கும் துடிப்பும் இருக்கிறது. அது மட்டும் ஏன் ‘அதிகப்படி’ ஆகிவிட்டது?

வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சொல்பவர் பெண் என்பதால் அது நியாயம் ஆகிவிடாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை, பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரிலும் பாதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரிலும், 127 அறிவியல் பேராசிரியர்களிடம் காட்டினார்கள். 2012இல் வந்த ஆய்வு. ஜானைத்தான் திறமைசாலி என்றார்கள், வருடச் சம்பளமாக ஜானுக்குச் சுமார் 30,200 டாலர், ஜெனிஃபருக்குச் சுமார் 26,500 டாலர் சொன்னார்கள். பெயரைத் தவிர ஒரு எழுத்துகூட மாறவில்லை. பெண் பேராசிரியர்களும் ஆண் பேராசிரியர்கள் மாதிரியேதான் மதிப்பிட்டார்கள்.

என் கதை இதுதான். பல வருடம் முன்பு ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ என் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் நான் கேட்டதும் அவர்கள் சொன்னதும் என் கையெழுத்தில். பையன்கள் பெயருக்குக் கீழே ‘ஐந்து வருடத்தில் என்னவாக ஆசை’, ‘ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆகப் பிடிக்குமா’. பெண்கள் பெயருக்குக் கீழே ‘கல்யாணம் எப்போது’, ‘வீட்டுக்காரர் எங்கே வேலை’, ‘குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்’. ஒருத்தி விடாமல் எல்லாப் பெண்ணிடமும் கேட்டிருக்கிறேன், ஒரு பையனிடம்கூடக் கேட்கவில்லை. நானே இரண்டு குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். அந்தக் கேள்வியை யாராவது கேட்டபோதெல்லாம் வயிறு எரிந்தவள். அப்படியும் கேட்டிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன், உங்கள் மனம் அங்கேதான் சிக்கி நிற்கிறது. அந்த ரோடு இருட்டு என்பது பொய்யில்லை. திருத்துறைப்பூண்டி தாண்டினால் மழைக்காலத்தில் பகலிலேயே ஆள் நடமாட்டம் குறைவு, எனக்கும் தெரியும். ஆனால் அந்த இருட்டு ரோட்டில், டீலரிடம் வசூலித்த பணத்தைப் பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக வருகிற உங்கள் ஆண் அலுவலரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவருக்கு மாடு குறுக்கே வராதா, வழிப்பறி நடக்காதா? உண்மையிலேயே பாதுகாப்புதான் கவலை என்றால் வேலை நடக்கும் விதம் மாறியிருக்க வேண்டும். ஐந்து மணிக்குள் வசூலை முடிப்பது, பணத்தைக் கையில் வாங்காமல் வங்கியில் போடச் சொல்வது, தூர லைனுக்கு இருவராகப் போவது, இதெல்லாம் ஒன்பது பேருக்கும் நல்லது. நீங்கள் வேலையைத் தொடவில்லை, ஆளை மட்டும் எடுத்துவிட்டீர்கள்.

பெரிய மனிதர்களுக்கும் இது நடந்திருக்கிறது. இந்திய ஆட்சிப்பணிக்கு வந்த முதல் பெண் அன்னா ராஜம், 1951 அணி, சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தவர். சட்டம் ஒழுங்கு பார்க்கும் பதவியில் ஒரு பெண்ணைப் போடுவதற்கு அப்போதைய முதல்வர் ராஜாஜியே தயங்கி, தலைமைச் செயலகத்தில் வேலை தருவதாகச் சொன்னார். அவர் விடாப்பிடியாகக் கேட்டு ஓசூரில் சப் கலெக்டராகப் போனார். ராஜாஜி கெட்ட எண்ணத்தில் தயங்கினார் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் அன்னா ராஜம் வாய் திறந்து கேட்காமல் இருந்திருந்தால் அவருடைய பணி செயலகத்தில் ஒரு மேஜையிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

இன்னும் பெரிய சேதம் அடுத்த கட்டத்தில் நடக்கிறது. திடல் யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பெயரில்தான் ஏக்கர் கணக்கு ஏறுகிறது, டீலர் யாரைப் பார்க்கிறாரோ அவர் பெயரில்தான் விற்பனை ஏறுகிறது. ஆறு வருடம் மண் பரிசோதனை ரிப்போர்ட் எழுதியவர் பெயரில் என்ன ஏறும்? ‘பொறுமையானவர், அனுசரித்துப் போவார்’ என்று ஏறும். அப்புறம் பதவி உயர்வு வரும்போது நீங்கள் நேர்மையாக உட்கார்ந்து, ஆண் பெண் பார்க்காமல், வெறும் எண்களை மட்டும் பார்த்து இரண்டு ஆண்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ‘ஆண் பெண் என்று பார்த்ததே இல்லை’ என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் அந்த எண்களுக்குள் ஆறு வருடம் முன்பே ஆண் பெண் புகுந்துவிட்டதே.

உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் இதையேதான் சொன்னது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்க அவர்களுடைய வருடாந்தர ரகசிய அறிக்கைகளைப் பார்த்தார்கள். ஆனால் அந்த அறிக்கைகள் எழுதப்பட்ட காலத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணிக்கே வழி இல்லாததால், எழுதியவர்கள் அக்கறையில்லாமல் எழுதியிருந்தார்கள். ஆண்களுக்கு இளம் வயதில் வைக்கும் உடல்தகுதி அளவை இவர்களுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே விதி என்று வெளியே தெரிந்தாலும் விளைவில் அது பாகுபாடுதான், மறைமுகப் பாகுபாடு, யாருக்கும் அந்த நோக்கம் இருந்ததா என்பது கேள்வியே இல்லை என்றது தீர்ப்பு. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவாக நான் பதில் சொல்லிவிட முடியாது.

சரி, என்ன செய்வது? முதலில் போன வருடத்துப் பணி ஒதுக்கீட்டு ரிஜிஸ்டரை எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து ஒன்பது பெயரையும் எழுதி, யாருக்கு எத்தனை திடல், எத்தனை டீலர், எத்தனை கூட்டத்துக்கு டீ சொல்லும் வேலை, யார் குறிப்பெடுத்தார்கள் என்று கோடு போட்டு நிரப்புங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அதோடு நீங்கள் எழுதிய ஆண்டு மதிப்பீடுகளையும் எடுத்து, பெயரை மறைத்துக்கொண்டு படித்தால் எது ஆணுக்கு எழுதியது, எது பெண்ணுக்கு எழுதியது என்று உங்களுக்கே தெரிகிறதா பாருங்கள். பயிற்சி வகுப்பு என்னத்தைச் சொன்னாலும் இந்த ஒரு தாள் சொல்வது உங்களுக்கு உறைக்கும். வகுப்புக்குப் போங்கள், ஆனால் ஒருநாள் வகுப்பில் யாரும் மாறிவிடுவதில்லை என்பது எங்கள் துறையில் இருப்பவர்களுக்கே தெரியும். கணினியில் படமும் சொல்லும் காட்டிப் பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு சோதனை வைத்தாலும் வைப்பார்கள், 1998இலிருந்து புழக்கத்தில் இருப்பது. அதில் வரும் மதிப்பெண்ணை வைத்து நீங்கள் நாளைக்கு எப்படி நடந்துகொள்வீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மதிப்பெண் மோசமாக வந்ததே என்று மனம் உடையவும் வேண்டாம், நன்றாக வந்ததே என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம்.

அந்தப் போலீஸ் பதவி ஆய்வில் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள், விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கு முன்பே எது முக்கியம் என்று சொல்ல வைத்தபோது அந்தச் சாய்வு காணாமல் போனது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏரியா மேனேஜருக்கு என்னென்ன வேண்டும் என்று பெயர்களை நினைப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள். இந்தத் தடவை அனுப்பிய சிபாரிசுக்கும் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், ‘வாய்ப்பே கொடுக்காமல் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் பெயரையும் சேர்த்துப் பரிசீலியுங்கள்’ என்று. கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்த இரண்டு ஆண்கள் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

அப்புறம் ஒன்பது பேரிடமும் கேளுங்கள், பெண்களிடம் மட்டும் கேட்டால் அது இன்னொரு தனி வரிசை ஆகிவிடும். யாருக்கு எந்த லைன் வேண்டும், என்ன ஏற்பாடு இருந்தால் போக முடியும் என்று தனித்தனியாக. நான்கு பெண்களில் ஒருவர் கைக்குழந்தை இருக்கிறது, இந்த வருடம் ஆபீஸ்தான் வேண்டும் என்று சொல்லலாம். ஐந்து ஆண்களில் ஒருவருக்கு வீட்டில் படுக்கையில் அம்மா இருக்கலாம், ஆபீஸ் வேலை கேட்டால் சிரிப்பார்களோ என்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் அலைந்துகொண்டிருக்கலாம். அவரிடமும் நீங்கள் கேட்டதில்லை.

ஏற்பாடு என்று சொன்னேன், அதில் ஒன்றை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். கழிப்பறை. காலை ஏழு மணிக்குத் திடலுக்குப் போகும் பெண், மதியம்வரை தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பார். பாட்டில் பையில் இருக்கும், மூடியைத் திறக்கமாட்டார். இதற்காகவே களவேலை வேண்டாம் என்று சொல்லிவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், காரணத்தை மட்டும் வேறு ஏதாவது சொல்வார்கள். நாமும் ‘பொம்பளைங்களுக்கே விருப்பம் இல்லை’ என்று முடித்துவிடுகிறோம். திடலைத் தேர்ந்தெடுக்கும்போதே பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக் கட்டடமோ பள்ளிக்கூடமோ டீலர் வீடோ இருக்கிறதா என்று பார்த்து, முன்கூட்டியே பேசி வைப்பது உங்களுக்கு ஒரு போன் வேலை.

டீலர்களில் சிலர் ‘ஆம்பளை ஆளா அனுப்புங்க சார்’ என்பார்கள். கட்டாயம் சொல்வார்கள். அந்த இடத்தில் நீங்கள் ‘பார்க்கலாம்ணே’ என்று இழுத்தால் அதுவரை செய்தது எல்லாம் வீண். ‘இந்த லைனுக்கு இவங்கதான் அலுவலர், ஆறு வருஷ அனுபவம், விலை, ஸ்டாக் எல்லாம் இவங்ககிட்டயே பேசுங்க’ என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட வேண்டும். பின்னாடியே உங்களுக்கு போன் வரும். எடுத்து, ‘அவங்ககிட்டயே கேளுங்கண்ணே’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் போன் வருவது நிற்கும்.

அந்தப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போகிறது. ‘தப்பா எடுத்துக்காதம்மா’ என்று ஆரம்பிக்காதீர்கள். மகள்களைப் பற்றிச் சொல்லாதீர்கள், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லும் நிலைமை வந்துவிடும். அலுவலகத்தில் ஆண்களை ‘நீங்க’ என்றும் அவரை ‘நீ’ என்றும் கூப்பிடுகிறவராக இருந்தால் அன்றைக்கே அதை மாற்றுங்கள், அவரே ‘வாங்க போங்க எதுக்கு சார்’ என்றாலும் விடாதீர்கள். ‘நீங்க சொன்னது சரி, நான் கேட்டிருக்கணும், கேட்கல. தலைமை அலுவலகத்துக்கு உங்க பேரையும் எழுதியிருக்கேன்’ என்று சொன்னால் போதும், இரண்டு நிமிடப் பேச்சு. அவர் உடனே சிரித்த முகமாக நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆறு வருடம் காத்திருந்தவருக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

ஆடி முடியப் போகிறது, சம்பாத் திடல்களை இன்னும் சில வாரத்தில் நீங்கள் ஒதுக்கியாக வேண்டும். பட்டியலைப் பென்சிலில் எழுதி வைத்துவிட்டு, ஒன்பது பேரிடமும் பேசி முடித்த பிறகு பேனாவை எடுங்கள். வேதாரண்யம் லைன் யாருக்குப் போனது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.